வீட்டு பிபி மெஷின்: மெஷினை விடுங்கள், முதலில் கஃப் அளவைப் பாருங்கள்

முதலிலேயே முடிவைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பிபி மாத்திரை சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால், மேல்கையில் கட்டிப் பார்க்கும் டிஜிட்டல் மெஷின் ஒன்று வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், விரலில் மாட்டுவது வேண்டவே வேண்டாம், ஸ்மார்ட் வாட்ச் காட்டுகிற பிபியை வைத்து மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ கூடவே கூடாது.

நான் வாங்கியது அம்மாவுக்காக. 2,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு, நான்கு பேட்டரி, ஒரே ஒரு பெரிய பட்டன், எழுத்தும் பெரிதாகத் தெரிகிறது. கம்பெனி பெயரைப் போடவில்லை, ஏனென்றால் இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன், அந்தத் திட்டு இந்த விலையில் கிடைக்கிற வேறு பல மெஷின்களுக்கும் பொருந்தும்.

பெட்டியோடு வந்த கஃப், அதாவது கையில் சுற்றுகிற பட்டை, 22 முதல் 32 செ.மீ. வரை சுற்றளவுள்ள கைக்குத்தான் சரி. அது பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கடையில் யாரும் "யாருக்கு வாங்குறீங்க, கை எவ்வளவு பருமன்" என்று கேட்கவில்லை. அம்மாவின் கை 34. பட்டை கைக்குச் சின்னதாக இருந்தால் அழுத்தம் ரத்தக்குழாய்வரை ஒழுங்காகப் போய்ச் சேராது, மெஷின் இன்னும் காற்றை ஏற்றும், கடைசியில் உள்ளதைவிட அதிக பிபியைக் காட்டும். இல்லாத பிபிக்கு மாத்திரை ஏற்றிக்கொள்ள இதைவிடச் சுலபமான வழி கிடையாது. 42 செ.மீ. வரை போகும் பெரிய கஃப்பைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. நீங்கள் வாங்கும் முன் தையல் டேப் எடுத்து, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றளவை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ப்ளூடூத், பேசும் குரல், கலர் லைட் இதற்கெல்லாம் கூடுதலாகக் கொடுக்கிற காசை கஃப்புக்குக் கொடுக்கலாம்.

"ஆஸ்பத்திரியில் பார்க்கிற பாதரச மெஷின்தான் சரி, இது பொம்மை" என்று சொல்கிற பெரியவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பது, பட்டை தளரும்போது ரத்தக்குழாயில் எழுகிற சத்தங்களை, ரஷ்ய மருத்துவர் கொரோட்காஃப் 1905இல் சொன்னவை. வீட்டு மெஷின் எதையும் கேட்பதில்லை. நாடித் துடிப்பால் பட்டைக்குள் இருக்கும் காற்று லேசாக அதிரும், அந்த அதிர்வை அளந்து, கம்பெனி வைத்திருக்கும் கணக்கின்படி மேல் பிபியையும் கீழ் பிபியையும் சொல்கிறது. அதனால்தான் கையை அசைத்தாலோ பேசினாலோ கணக்கு குழம்புகிறது. இதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கு ஒரு தடவை பார்த்ததை நம்ப முடியாது, அவர்கள் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுப்பது நல்லது. மற்றபடி சோதித்துத் தேறிய மெஷினும் சரியான கஃப்பும் இருந்தால் இது பொம்மை இல்லை. சந்தேகம் இருந்தால் அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது மெஷினைப் பையில் போட்டு எடுத்துப்போய், அதே கையில் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாங்கள் பார்த்தோம், பெரிய வித்தியாசம் இல்லை. பாதரசமும் இனி ரொம்ப நாள் இருக்காது, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்ட 2013 மினமாட்டா உடன்படிக்கைக்குப் பிறகு உலகம் முழுக்க அதைக் கழித்துக்கொண்டு வருகிறார்கள்.

மெஷினைவிடப் பெரிய பிரச்சினை நாம் பார்க்கிற விதம். அம்மா மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்த கையோடு பட்டையைக் கட்டிக்கொண்டு, பெரியம்மாவிடம் போனில் பேசிக்கொண்டே பட்டனை அழுத்துவார். 158 காட்டும், வீடே பதறும். கொஞ்ச நேரம் உட்கார வைத்துப் பார்த்தால் 136. சரியான முறை இதுதான்: முதலில் பாத்ரூம் போய்விட்டு வரணும், அரை மணி நேரத்துக்குள் காபியோ சிகரெட்டோ நடையோ இருக்கக்கூடாது, நாற்காலியில் முதுகைச் சாய்த்து ஐந்து நிமிடம் சும்மா உட்காரணும், பாதம் தரையில் படணும், கால் மேல் கால் கிடையாது, தரையில் சம்மணமும் வேண்டாம், கை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் இருக்கணும். கை 10 செ.மீ. கீழே தொங்கினாலே 7, 8 புள்ளி கூடிவிடும். சட்டைக் கையைச் சுருட்டி இறுக்கிவிட்டு அதற்குக் கீழே கட்டுவதும் கூடாது. முதல் தடவை மட்டும் இரண்டு கையிலும் பாருங்கள், எது அதிகமோ அந்தக் கையில்தான் இனிமேல் பார்க்கணும். இரண்டு கைக்கும் 15க்கு மேல் வித்தியாசம் இருந்து, மறுபடி பார்த்தாலும் அப்படியே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

காலையில் மாத்திரைக்கு முன்னால் இரண்டு தடவை, ராத்திரி இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய ஒரு வாரம் இப்படி எழுதி வைத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுக்கணும். க்ளினிக்கில் 140/90க்கு மேல் போனால் பிபி என்கிறார்கள் இல்லையா, வீட்டில் அந்தக் கோடு 135/85. இது நிறையப் பேருக்குத் தெரியாது.

இந்த நோட்டுக்காகத்தான் மெஷினுக்குக் கொடுத்த காசு. அம்மாவுக்கு க்ளினிக் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பிபி ஏறிவிடும், அங்கே 160, வீட்டுச் சராசரி 132. நோட்டைப் பார்த்த டாக்டர் டோஸைக் கூட்டவில்லை. சித்தப்பாவுக்கு நேர் எதிர். க்ளினிக்கில் எப்போதும் அழகாக 128, வீட்டில் விடியற்காலை 150க்கு மேல். மறைந்திருக்கிற இந்த ரகம்தான் ஆபத்தானது, க்ளினிக்கில் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது மாட்டவே மாட்டாது.

இந்த மெஷினால் ஒரு கெடுதலும் உண்டு. 120/80 என்று காட்டினால் "நார்மல் ஆயிடுச்சே" என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள். அது மாத்திரை சாப்பிட்டதால் வந்த 120, நிறுத்தினால் திரும்ப ஏறும். அட்டெனோலால் மாதிரியான மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்துவது இதயத்துக்கே ஆபத்து. "எனக்குத் தலைசுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, எதுக்கு மாத்திரை" என்று கேட்பவர்களுக்கு: பிபி பெரும்பாலும் எதையும் காட்டிக்கொள்ளாமல்தான் வேலை பார்க்கும், பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறிப்போன ரத்த ரிப்போர்ட்டாகவோ, கண் டாக்டர் விழித்திரையைப் பார்த்துவிட்டு "உங்களுக்கு பிபி இருக்கா" என்று கேட்கும்போதோதான் தெரியவரும். உலகத்தில் 30 முதல் 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு பிபி இருக்கிறது, அதில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. வயதோடு 100ஐக் கூட்டினால் அதுதான் சரியான பிபி என்கிற பழைய கணக்கை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நிறுத்தக்கூடாது, மாற்றச் சொல்லிக் கேட்கணும். அம்லோடிபினில் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், எனலாப்ரில் சாப்பிட்டால் சிலருக்கு வறட்டு இருமல் வரும், அது தெரியாமல் மாதக்கணக்கில் இருமல் சிரப் குடித்தவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. டெல்மிசார்டன் சாப்பிடுபவர்கள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்த்துக்கொள்ளணும், கர்ப்பிணிகளுக்கு எனலாப்ரிலும் கூடாது, டெல்மிசார்டனும் கூடாது. முட்டிவலிக்கு மெடிக்கலில் தானாக வாங்கிப் போடுகிற டைக்ளோஃபெனாக் பிபியை ஏற்றும், இதை டாக்டரிடம் யாரும் சொல்வதே இல்லை.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் எல்லாம் அதில் சேர்த்திதான். இந்துப்பு பிபிக்கு நல்லது என்று விற்கிறார்களே, அதுவும் பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். சோடியம் குறைத்த உப்பு என்று வருவது வேறு, அதில் பொட்டாசியம் இருக்கும், கிட்னி கோளாறு உள்ளவர்களும் டெல்மிசார்டன் மாதிரி மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

மெஷின் என்றாவது 180/120 காட்டினால்: நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் இதில் எது இருந்தாலும் திரும்ப அளந்துகொண்டிருக்காமல் 108க்கு போன் பண்ணுங்கள். எதுவும் இல்லை என்றால் சில நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள், அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் பேசுங்கள். கூடுதலாக ஒரு மாத்திரையை நாமே போட்டுக்கொள்வது வேண்டாம், பிபி சட்டென்று இறங்குவதும் ஆபத்து.

அப்புறம் சில்லறை விஷயங்கள். காற்றுக் குழாயை மெஷினைச் சுற்றி இறுக்கிச் சுற்றாதீர்கள், விரிசல் விட்டால் எர்ரர்தான் வரும். பேட்டரி தீரும் நேரத்தில் பட்டை பாதியில் நின்றுவிடுகிறது. பில்லை வைத்திருங்கள், வாரன்டிக்கு அதைத்தான் கேட்பார்கள்.

வாங்க வசதி இல்லாதவர்கள் இதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள், 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வருகிறார்கள். காசு கொடுத்து வாங்குபவர்கள் முதல்வர் மருந்தகத்திலோ மக்கள் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள், அதே அம்லோடிபின் வெளிக்கடையைவிடக் கணிசமாகக் குறைவு.