எட்டாத கார்டு: ஸ்ப்ரெட் பண்றதா, ஒரு நோட்டை விட்டுடறதா?

சின்னக் கை உள்ளவங்க பியானோல பெரிய கார்டை, அதாவது ஒண்ணா அழுத்தற நோட்டுக் கூட்டத்தை, பாத்ததும் முதல்ல கேக்கறது இதைத்தான். என் கைக்கு ஒரு ஆக்டேவ் (ஒரு ஸி-லேர்ந்து அடுத்த ஸி வரைக்கும்) எட்டும், அதுவும் கீயோட ஓரத்துலதான், அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. சாதாரண பியானோல ஒரு ஆக்டேவ் கிட்டத்தட்ட 16.5 செ.மீ., 14 செ.மீ. சொச்சம் இருக்கற குறுகலான கீபோர்டும் செய்யறாங்க, ஆனா எக்ஸாம் ஹால்லயும் அடுத்தவங்க வீட்லயும் இருக்கப்போறது அந்தப் பெரிய சைஸ்தான், அதனால அது எனக்கு சரிவரலை. விரலை இழுத்து இழுத்து நீட்டற எக்சர்சைஸ் வேண்டவே வேண்டாம், வலிதான் மிச்சம்.

மிச்சம் இருக்கறது ரெண்டு. கீழேர்ந்து மேல வரைக்கும் நோட்டை ஒண்ணொண்ணா உருட்டி வாசிக்கறது ஸ்ப்ரெட். இல்லன்னா உள்ள ஒரு நோட்டை விட்டுட்டு மத்ததை ஒண்ணா அழுத்தறது. ஏபிஆர்எஸ்எம்-ங்கற பிரிட்டிஷ் இசைத் தேர்வு வாரியத்தோட எக்ஸாம்ல, கை எட்டலைன்னா, இசை கெடாத வரைக்கும் ரெண்டுக்குமே அனுமதி உண்டு. நான் ரெண்டாவது கட்சி.

காரணம் பெடல், அதாவது விரலை எடுத்தாலும் சத்தத்தை நீட்டிப் பிடிக்கற மிதி. இடது கைல ஸ்ப்ரெட் பண்ணும்போது மேல் நோட்டு பீட்ல விழணும்னா பேஸ், அதாவது அடி நோட்டு, முன்னாடியே வந்தாகணும், அந்த பேஸைப் பிடிக்க பெடலையும் முன்னாடியே மாத்தணும் (தூக்கி மறுபடி மிதிக்கணும்), அப்படி மாத்தினா போன கார்டுல நீண்டுக்கிட்டு இருந்த மெலடி பாதியில அறுந்துடும். சரி, பீட்லயே மாத்தலாம்னா அதுக்குள்ள விரல் பேஸை விட்டுட்டு மேல போயிருக்கும், பேஸே காணாமப் போயிடும். மெதுவான பாட்டுல ஒரு கார்டுன்னா சமாளிக்கலாம். வரிசையா நாலு கார்டு வந்தா தாளமே ஆட ஆரம்பிச்சுடும்.

விடறதுல இந்தத் தொல்லை இல்ல. வலது கைல ஸி-ஈ-ஜி-ஸி இருக்குன்னு வைங்க. மேல் ஸி மெலடி, கீழ் ஸி அதோட டபுள்தான். கட்டைவிரலோட ஸி-யை எடுத்துட்டா ஆக்டேவ் சிக்ஸ்தா, அதாவது ஆறு வெள்ளைக் கீ அகலமா, சுருங்கிடும், உள்ளங்கை இறுக்கம் அப்பவே விட்டுடும். இடது கைன்னா தலைகீழ், பேஸை வெச்சுக்கிட்டு மேல இருக்கற டபுளை விடணும். தேர்டை (ஸி கார்டுல ஈ) மட்டும் விடாதீங்க, இன்னொரு கைல அது இருந்தாலொழிய. மேஜரா மைனரான்னே தெரியாமப் போயிடும். சவுண்டு கொஞ்சம் மெலிசாகும், அது உண்மைதான்.

ஒரு இடத்துல மட்டும் ஸ்ப்ரெட்டுக்குத்தான் ஓட்டு. இடது கைல, பியானோவோட கீழ்ப் பக்கத்துல டென்த் (ஆக்டேவைத் தாண்டி இன்னும் ரெண்டு வெள்ளைக் கீ) வந்தா மேல் நோட்டை ஒரு ஆக்டேவ் இறக்கிடாதீங்க, அது தேர்டா (மூணு வெள்ளைக் கீ அகலம்) சுருங்கி அந்த இடத்துல கொழகொழன்னு கேக்கும். ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோவோட ரெண்டாவது பியானோ கான்செர்ட்டோ ஆரம்பத்துல அந்த மணியடிக்கற மாதிரி கார்டுகள்ல இடது கைக்கு டென்த் இருக்கு, பெரிய பெரிய ஆளுங்களே பலர் அதை உடைச்சுத்தான் வாசிக்கறாங்க. ஜாஸ்ல இதெல்லாம் எப்படி எடுபடும்னு சொல்ற அளவுக்கு நான் வாசிச்சதில்ல, கிளாசிக்கல் பக்கத்துக்குத்தான் இது. எந்த நோட்டை விடறீங்கன்னு பேப்பர்லயே பென்சிலால வட்டம் போட்டு வைங்க, ஒவ்வொரு தடவையும் வேற வேற நோட்டை விட்டா கை பழகவே பழகாது.