கடலூர்ல ஒரு கத்தோலிக்க ஸ்கூல்: பிள்ளையை சேர்க்கறதுக்கு முன்னாடி படிச்சுடுங்க

கடலூர்ல ஒன்பதாவது, பதினொன்னாவது அட்மிஷனுக்கு அலையறவங்க எல்லாரும் கேக்கறது ரிசல்ட் எவ்ளோ, நீட் கோச்சிங் உண்டா, இது ரெண்டும்தான். அதையெல்லாம் ஸ்கூல்காரங்களே கேட்டுல பேனர் கட்டி சொல்லிடறாங்க. நான் எழுதறது வேற விஷயம். கத்தோலிக்க ஸ்கூல்னு போர்டு வெச்சா திருச்சபையோட சமூகப் போதனை அந்த காம்பவுண்டுக்குள்ள நடக்குதா இல்லையான்னு பாக்கணும்ல. என் பொண்ணு அங்க பத்தாவது படிக்கிறா, நானும் பிடிஏ கூட்டத்துக்கெல்லாம் போறேன், அதனால உள்ள நடக்கறது ஓரளவு தெரியும். ஸ்கூல் பேரு போடல, ஏன்னா நல்லதோட குறையும் சொல்லப்போறேன், பிள்ளைங்க அங்கதான் படிக்குதுங்க.

சமூகப் போதனைன்னா தான தர்மம்னு நெனச்சுக்கறவங்க நெறைய பேர். அது இல்ல, நியாயமான கூலி, ஏழைங்க உரிமை, மனித மாண்பு இதையெல்லாம் பத்தி திருச்சபை சொல்றது. 1891-ல பதிமூன்றாம் லியோ போப்பாண்டவர் ரேரும் நோவாரும்னு ஒரு சுற்றுமடல் (திருச்சபைக்கு போப் எழுதற கடிதம்) எழுதினாரு, ஃபேக்டரி தொழிலாளிங்க நெலமையைப் பத்தி. சிக்கனமா ஒழுங்கா வாழற ஒரு தொழிலாளி பொழைக்கறதுக்குப் பத்தாத கூலி, அவனே வேற வழியில்லாம ஒத்துக்கிட்டிருந்தாலும் அது அநியாயம்தான்னு அதுல வருது. இப்ப 2025 மே-ல வந்த போப் பதினான்காம் லியோன்னு பேரு வெச்சுக்கிட்டதுக்கும் அந்த பதிமூன்றாம் லியோதான் காரணம்னு அவரே சொல்லிட்டாரு. இதெல்லாம் நமக்கு பூசையில யாரும் சொன்னதில்ல, ஞாயித்துக்கெழமை மறைக்கல்வி வகுப்புல பத்து கட்டளை மனப்பாடம் பண்ணினதோட சரி.

இந்த ஸ்கூல்ல ஒய்.சி.எஸ் இருக்கு. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கம்னு பேரு, ஆனா இந்து பிள்ளைங்க, முஸ்லிம் பிள்ளைங்க எல்லாரும் சேரலாம். மத்த ஸ்கூல்ல கத்தோலிக்க பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி, மத்தவங்களுக்கு நன்னெறின்னு அந்த பீரியட்ல ஆளுக்கொரு ரூமா பிரிச்சு விட்டுடுவாங்க, இங்க மாசத்துல ஒரு தடவையாவது எல்லாரையும் ஒன்னா உக்கார வெக்கறாங்க. பார், சிந்தி, செயல்படு, இதுதான் முறை. கார்டைன்னு பெல்ஜியம் நாட்டு ஃபாதர் ஒருத்தர் இளம் தொழிலாளிங்களை வெச்சு ஆரம்பிச்சது, 1961-ல போப் இருபத்திமூன்றாம் அருளப்பர் எழுதின சுற்றுமடல்லயே அந்த மூனு படியும் வந்துடுச்சு. கேக்க ஈசியா இருக்கும், செய்யறப்பதான் கஷ்டம் தெரியும்.

போன வருஷம் ஒன்பதாவது பிள்ளைங்களை முதுநகர் துறைமுகத்துக்கு காலைல அழைச்சிட்டு போனாங்க. சுத்திப் பாக்க இல்ல, அங்க மீன் வெட்டற அம்மாங்க, கூடை தூக்கறவங்க, ஐஸ் ஒடைக்கறவங்க இவங்ககிட்ட பேசறதுக்கு. எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, படகு வராத நாள்ல என்ன பண்ணுவீங்க, மீன்பிடி தடைக்காலத்துல வீட்டு செலவுக்கு என்ன வழின்னு. ஒரு அம்மா கையை நீட்டி காட்டுச்சாம், விரல் நுனியெல்லாம் ஐஸ் தண்ணியில ஊறி வெள்ளையா சுருங்கி, செதில் குத்தின கோடுங்க குறுக்க நெடுக்க. என் பொண்ணு வீட்டுக்கு வந்து அந்த கையைப் பத்தியேதான் பேசிட்டு இருந்தா. அப்புறம் கிளாஸ்ல உக்காந்து அவங்க சொன்ன வருமானத்துல வாடகை, அரிசி, கேஸ், புள்ளை படிப்பு, மகளிர் குழு லோன் எல்லாம் போட்டு கணக்கு பாத்தா பாதி மாசத்துலயே காசு தீந்துடுது. அங்கதான் டீச்சர் அந்த 1891 மேட்டரை எடுத்தாங்க.

அப்ப ஒரு பையன் எழுந்து கிளாஸ்ல இருந்த ஃபாதர்கிட்ட கேட்டானாம், "ஃபாதர், நம்ம ஸ்கூல் ஆயாம்மாங்களுக்கு நாம எவ்ளோ சம்பளம் தர்றோம்?"

நெறைய ஸ்கூல்ல இந்த கேள்விக்கு அவங்கப்பாவை வரச்சொல்லி இருப்பாங்க. இங்க ஃபாதர் தொகையை சொன்னாரு, கிளாஸ் முன்னாடியே. எய்டட், அதாவது அரசு உதவி பெறுற ஸ்கூல்ல கூட்டறவங்க, பாத்ரூம் கழுவறவங்க எல்லாருக்கும் அரசாங்க சம்பளம் வர்றதில்ல, அவங்களுக்கு பிடிஏ பணத்துல இருந்தும் மேனேஜ்மென்ட்ல இருந்தும்தான் போகுது, அது கம்மிதான்னு ஒத்துக்கிட்டாரு. அதே கணக்கை ஆயாம்மா வீட்டுக்கும் போட்டுப் பாருங்கன்னு அவரே சொன்னாரு. அடுத்த பிடிஏ கூட்டத்துல அந்த கணக்கு பேப்பரை பிள்ளைங்களே வந்து படிச்சாங்க, சம்பளம் ஏறுச்சு. இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்த ஸ்கூலுக்கு நான் எவ்ளோ மார்க் வேணா போடுவேன்.

2024 கடைசில ஃபெஞ்சல் புயல், அதுக்கப்புறம் சாத்தனூர் டேம் தண்ணி தென்பெண்ணையில வந்து நம்ம ஊரு மூழ்கினப்போ நிவாரணம் சேத்தாங்க, அது எல்லா ஸ்கூலும் செஞ்சதுதான். ஆனா துணி பிரிக்கறப்போ ஒரு சிஸ்டர் நின்னு ஒவ்வொன்னா தூக்கிப் பிடிச்சு, இதை உங்கம்மாவுக்கு குடுப்பியான்னு பிள்ளைங்களைக் கேட்டு, கிழிசல், ஜிப்பு போனது, சாயம் போனது எல்லாத்தையும் தனியா ஒதுக்கிட்டாங்க. பாதி மூட்டை போயிடுச்சு. இல்லாதவங்கன்னா எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவாங்கன்னு ஒரு நெனப்பு நமக்குள்ள இருக்கு பாருங்க, அதை அந்த வயசுலயே ஒடைக்கறது பெரிய விஷயம்ங்க. மனித மாண்புன்னு புத்தகத்துல போட்டிருக்கறது இதைத்தான்.

ஸ்காலர்ஷிப் விஷயத்துலயும் கவனமா இருக்காங்க. பல ஸ்கூல்ல எஸ்சி எல்லாம் எழுந்திரு, எம்பிசி எல்லாம் எழுந்திருன்னு கிளாஸ்லயே கூப்பிடறது இன்னும் நடக்குது. ஸ்கூல்ல சாதி மோதலைத் தடுக்க தமிழ்நாடு அரசு போட்ட ரிட்டயர்டு நீதிபதி சந்துரு ஐயா கமிட்டி 2024-ல குடுத்த அறிக்கைல சாதி வெளிய தெரியற மாதிரி கிளாஸ்ல எதுவும் பண்ணக்கூடாதுன்னு இருக்கு, இங்க அதுக்கு முன்னாடியே ஆபிஸ்ல தனித்தனியா கூப்பிட்டுதான் கையெழுத்து வாங்குவாங்க. தலித் கிறிஸ்தவங்க பிள்ளைங்களுக்கு இன்னொரு சிக்கல் இருக்கு, 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி மதம் மாறினா எஸ்சி இல்ல, அப்புறம் 1956-ல சீக்கியர், 1990-ல பௌத்தர் சேத்தாங்க, கிறிஸ்தவங்களை சேக்கல, நம்ம மாநிலத்துல பிசி லிஸ்ட்லதான் வர்றாங்க. இதனால என்ன கெடைக்கும், என்ன கெடைக்காதுன்னு பெத்தவங்களுக்கு புரியற மாதிரி ஆபிஸ் அம்மா உக்கார வெச்சு சொல்றாங்க. சாதியே இல்லைன்னு ஜெபம் சொல்லிட்டு கல்லறையைப் பிரிச்சு வெச்சிருக்கற ஊருங்க நம்ம பக்கத்துலயே இருக்கறப்போ, ஸ்கூல் இதைப் பத்தி வாய் தொறந்து பேசறது எனக்கு ரொம்ப முக்கியமா படுது.

இப்ப குறை. ஒரே காம்பவுண்டுக்குள்ள ரெண்டு ஸ்கூல் நடக்குது. எய்டட் தமிழ் மீடியம் ஒரு பக்கம், ஃபீஸ் கட்டற இங்கிலீஷ் மீடியம் ஒரு பக்கம். ஸ்மார்ட் போர்டு, புது கம்ப்யூட்டர் லேப் எல்லாம் இங்கிலீஷ் மீடியம் பிளாக்ல, என் பொண்ணுக்கு கெடைக்குது, எதிர் பிளாக்ல படிக்கற மீன்காரம்மா பொண்ணுக்கு கெடைக்கல. ஏழைங்களுக்குத்தான் முதலிடம்னு சொல்ற போதனைக்கு இது நேர் எதிரா இருக்கு, வேற எப்படி சொல்றதுன்னு தெரியல. நீங்க கட்டற ஃபீஸ்லதானே அது வாங்கினதுன்னு பதில் வருது. வாங்கினது எந்தக் காசா வேணா இருக்கட்டும், சாயந்திரம் நாலு மணிக்கு மேல அந்த லேப் சும்மாதான் பூட்டிக் கெடக்குது.

சுற்றுச்சூழல் மன்றம் சுமார்தான். 2015-ல போப் பிரான்சிஸ் எழுதின லவுதாத்தோ சி சுற்றுமடல்ல பூமியோட அழுகுரலையும் ஏழைங்க அழுகுரலையும் சேத்தே கேக்கணும்னு இருக்கு, நம்ம ஊர்ல அதைப் பாக்கணும்னா ரொம்ப தூரம் போக வேணாம், சிதம்பரம் ரோட்டுல கெமிக்கல் ஃபேக்டரிங்க இருக்கற சிப்காட் பக்கம் குடிகாடு வரைக்கும் போனா போதும். ஆனா இவங்க ஜூன் 5-க்கு மரக்கன்னு நட்டு போட்டோ எடுக்கறதோட நிறுத்திக்கறாங்க. துறைமுகத்துக்கு அழைச்சிட்டு போனவங்களுக்கு அந்த சிப்காட்டை ஒட்டி ஓடற உப்பனாத்தங்கரைக்கு போறது பெரிய வேலையா?

இன்னொன்னு, ஆயாம்மாங்களுக்கு சம்பளம் ஏத்தினாங்களே தவிர மே மாசம் லீவுன்னு சம்பளம் இல்ல, அது இன்னும் அப்படியேதான் இருக்கு. மே மாசத்துக்கும் வயிறு இருக்குல்ல.

மத்தபடி டீச்சிங் நல்லா இருக்கு, மேத்ஸ் சயின்ஸ் ரெண்டும் தனி டியூஷன் தேவைப்படல. டாய்லெட் பரவால்ல. ரிசல்ட்டுக்காக ஒன்பதாவதுல பிள்ளைங்களை வடிகட்டி டிசி குடுக்கற வேலை நான் பாத்த வரைக்கும் இல்ல. பாண்டில இருந்து வர்றவங்களுக்கு பஸ் வசதி கஷ்டம், ஸ்கூல் வேன் அவ்ளோ தூரம் வராது.

அட்மிஷன் கேக்கப் போறவங்க ரெண்டு பிளாக்கையும் சுத்திக் காட்டச் சொல்லி பாருங்க, காட்டுவாங்க. ஏற்கனவே பிள்ளை அங்க படிக்குதுன்னா, குறிப்பா தமிழ் மீடியம் அப்பா அம்மாங்க, ஜூன் பிடிஏ கூட்டத்துக்கு கண்டிப்பா வாங்க. லேப் விஷயமும் மே மாச சம்பளமும் எழுத்துல குடுக்கப் போறோம், எங்க பிளாக்ல இருந்து மட்டும் கையெழுத்து போனா பத்தாது.