வாசல் சாய்தளம்: வில்லாபுரம் கொத்தனாரின் வேலை

அம்மாவின் சக்கர நாற்காலிக்காக வாசலில் சாய்தளம் போட்டோம். முதலில் வந்து பார்த்தவர்கள் கேட்டுக்கு வெளியே ரோட்டில் இறக்கச் சொன்னார்கள். வில்லாபுரம் கொத்தனார் மட்டும் மறுத்துவிட்டார். "அது மாநகராட்சி இடம்மா, நாளைக்கு இடிச்சிருவாங்க. வாய்க்காலும் அடைச்சுக்கும்" என்றார். அந்த நேர்மைக்காகவே வேலையைக் கொடுத்தேன்.

வாசல் உயரம் 1 அடி. அதற்கு 12 அடி நீளச் சரிவு வேண்டும். குறைத்தால் தள்ளுபவருக்கு மூச்சு வாங்கும், இறங்கும்போது வண்டி ஓடிவிடும். கேட்டுக்குள் நேராக அவ்வளவு இடமில்லை. அதனால் நடுவில் நாற்காலி திரும்ப 5 அடிச் சமதளம் விட்டு, சுவரோரமாக மடக்கிக் கட்டினார். மழையில் வழுக்காதபடி ஈரச் சிமெண்டில் குறுக்குக் கோடும் கீறினார். அருமையான வேலை. கைப்பிடி வெல்டிங் மட்டும் சுமார்தான், முனையெல்லாம் சொரசொரப்பு. அதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.