கத்தியில் கொடிப்பூ பொறிக்க ஃபெரிக் குளோரைடு: எங்கே பலன், எங்கே தொல்லை

கையால் அடித்த கத்தியின் அலகில் கொடி, பூ, இறகு என்று அலங்காரம் பொறிக்க, சர்க்யூட் போர்டு செய்பவர்கள் வாங்கும் அதே 40 சதவீத ஃபெரிக் குளோரைடு கரைசலே போதும். நீரற்ற தூளை வாங்க வேண்டாம். தண்ணீர் பட்டதும் கடுமையாகச் சூடேறி நெடி கிளப்பும். கரைசலை அப்படியே பயன்படுத்தினால் கோட்டின் ஓரம் பிசிறடிக்கும். ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்தால் நிதானமாக, சீராக அரிக்கும்.

கார்பன் எஃகில் இதன் வேலை அருமை. 1095 என்ற ரகம் போன்ற எஃகில் அரித்த இடம் கருஞ்சாம்பலாகி, மூடிவைத்த பூ மட்டும் பளிச்சென்று நிற்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் குரோமியம் தடுப்பதால் மெதுவாகத்தான் பிடிக்கும், கறுப்பும் சரியாக ஏறாது.

இதன் பெரிய குறை, ஆழத்தோடு பக்கவாட்டிலும் தின்பது. அரிக்கக் கூடாத இடத்தை மூடும் பூச்சுக்கு அடியில் புகுந்து குடையும். முடியளவு கோடு மிஞ்சாது. வரையும்போதே கோட்டைச் சற்றுத் தடிமனாக விட வேண்டும்.

பூச்சு பெயர்ந்தால் கரைசலைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் விரல் எண்ணெய்தான். 600 எண் உப்புத்தாளால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்த பிறகு வெறுங்கை படக் கூடாது. நெயில் பாலிஷை இரண்டு முறை பூசி, நன்றாகக் காய்ந்ததும் ஊசியால் கீறி எடுக்கலாம். அலகின் வெட்டும் வாயையும் முதுகையும் சேர்த்துப் பூச்சால் மூடுங்கள். வெட்டும் வாயில் கரைசல் பட்டால் கூர் போய்விடும். எல்லாமே பதம் ஏற்றிய பிறகுதான். முன்பே பொறித்தால் உலைச் சூட்டில் எழும் செதில் படத்தைக் கெடுத்துவிடும்.

பிளாஸ்டிக் தொட்டியில், படம் கீழ்நோக்கி இருக்குமாறு அலகைத் தாங்கி வையுங்கள். அரிப்பில் உண்டாகும் கரும் மண்டி அப்போதுதான் உதிர்ந்து விழும். மேல்நோக்கி வைத்தால் பள்ளத்திலேயே படிந்து, திட்டுத்திட்டாக அரிக்கும். 10 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துக் கழுவி, ஊசிமுனையால் ஆழம் பாருங்கள்.

கழுவியதும் சமையல் சோடா கரைத்த நீரில் ஊறவைத்து, உலர்த்தி, உடனே எண்ணெய் பூச வேண்டும். பள்ளத்தில் குளோரைடு தங்கினால் சீக்கிரமே செந்துரு பூக்கும்.

பெயர் முத்திரை மட்டும் போதுமென்றால் உப்புநீரும் 12 வோல்ட் மின்சாரமும் கொண்ட கருவி வேகமானது. அலகு முழுக்க ஓடும் கொடிவேலைக்கு எங்கள் தேர்வு ஃபெரிக் குளோரைடுதான். பழைய கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள், உலோகக் குழாயையும் தின்னும்; மூடிய பிளாஸ்டிக் கேனில் சேர்த்து ரசாயனக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.