உபுண்டுல புது பைத்தான் போட யூவி எப்படி?

உபுண்டு 22.04 (லினக்ஸ்) வச்சிருக்கவங்களுக்கு தெரிஞ்ச தலைவலிதான், கூட வர்றது பைத்தான் 3.10, ஆப்ட்ல, அதாவது அதோட சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற டூல்ல, என்ன தேடினாலும் 3.13 சிக்காது. இன்னொரு லினக்ஸான டெபியன் 12 கூட 3.11லதான் நிக்குது. செக்யூரிட்டி ஃபிக்ஸ் வரும், புது வெர்ஷன் வராது, டிசைனே அப்படித்தான்.

இதுக்கு நெட்ல சுத்துற படுமோசமான ஐடியா ஒண்ணு, பைத்தான்3 லிங்க்கையே புதுசுக்கு திருப்பி விடுறது. அதை மட்டும் பண்ணிடாதீங்க. ஆப்ட்டுக்கு ரெப்போ (சாஃப்ட்வேர் கிடைக்கிற இடம்) சேர்க்குற கமாண்டே சிஸ்டம் பைத்தானை நம்பித்தான் ஓடுது, மாத்தினதும் ஆப்ட்_பிகேஜி மாட்யூல் இல்லன்னு கத்தும், க்னோம் டெர்மினலும் திறக்காம போகலாம், அப்புறம் சரிபண்ண எங்க போய் டைப் பண்றது?

புது பைத்தான் தர்ற வெளி ரெப்போவான டெட்ஸ்நேக்ஸ் பிபிஏ ஓகே, ஆனா உபுண்டுக்கு மட்டும்தான், வென்வ் (ப்ராஜெக்ட்டுக்குன்னு தனி பைத்தான் சூழல்) பேக்கேஜ் வேற தனியா போடணும். பைத்தான் வெர்ஷன் போடுற டூலான பைஎன்வ் எல்லா டிஸ்ட்ரோலயும் (லினக்ஸ் வகை) ஓடும், ஆனா சோர்ஸை இறக்கி நம்ம மெஷின்லயே கம்பைல் பண்ணும். எஸ்கியூலைட் டேட்டாபேஸுக்கான லிப்எஸ்கியூலைட்3-டெவ் பேக்கேஜ் இல்லாம ஆரம்பிச்சாலும் பில்ட் முடிஞ்சிடும், நடுவுல ஒரு வார்னிங் வரும் யாரு படிக்கிறா, பின்னாடி ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்) ஓட்டறப்போதான் எஸ்கியூலைட் மாட்யூல் இல்லன்னு நிக்கும். பழைய லேப்டாப்னா ஃபேன் சத்தம் வேற.

பைத்தானையும் பேக்கேஜையும் போட்டுத் தர்ற டூலான யூவில இந்த பஞ்சாயத்தே இல்ல. ஆஸ்ட்ரல் கம்பெனி 2024ல விட்டது, ரஸ்ட்ல எழுதினது. "யூவி பைத்தான் இன்ஸ்டால் 3.13"னு அடிச்சா ரெடிமேட் பைனரியை இறக்கி ஹோம் ஃபோல்டருக்குள்ள வச்சிடும், சூடோ கேக்காது, கம்பைல் கிடையாது, பைத்தான்3ன்னு அடிச்சா பழைய 3.10தான் வரும், அதான் வேணும். வேணாம்னா அன்இன்ஸ்டால், அவ்ளோதான்.

ஒரே கடுப்பு என்னன்னா யூவி வென்வ் போட்டா உள்ள பிப் (பைத்தான் பேக்கேஜ் இன்ஸ்டால் பண்ற டூல்) இருக்காது. ஆக்டிவேட் பண்ணிட்டு பழக்கதோஷத்துல பிப் இன்ஸ்டால் அடிச்சா சிஸ்டம் பிப்தான் ஓடும். உபுண்டு 24.04ல இது எக்ஸ்டர்னலி மேனேஜ்டு (சிஸ்டம் பார்த்துக்குற பைத்தான், தொடாதே)ன்னு எர்ரர் வந்து தடுத்துடும், ஆனா 22.04ல சத்தமே இல்லாம 3.10 பக்கம் போய் இன்ஸ்டால் ஆகி சக்சஸ்னும் சொல்லும், இம்போர்ட் பண்ணா மாட்யூல் இல்லம்பான். உள்ள பிப்பையும் சேர்த்து வைக்கிற சீட் (--seed) ஆப்ஷன் குடுத்து வென்வ் போடுங்க, இல்ல யூவி பிப்னே அடிச்சு பழகுங்க. இதை டிஃபால்ட்டாவே வச்சிருக்கலாம்யா. 4.5/5.