இரண்டு நாள், குறைந்த செலவு: தஞ்சாவூரா, மதுரையா?

வெள்ளி இரவு சென்னையில் கிளம்ப வேண்டும், திங்கள் காலை வேலைக்கு வந்துவிட வேண்டும், செலவு கையைக் கடிக்கக் கூடாது, பழைய ஊர் ஒன்றை நிதானமாகப் பார்த்த நிறைவும் வேண்டும். இத்தனையும் கேட்டால் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். காஞ்சிபுரமும் மாமல்லபுரமும் ஒரே பகலில் முடிகிற ஊர்கள். மிஞ்சுவது தஞ்சாவூரும் மதுரையும்தான்.

போய்ச் சேருவதில் பெரிய வித்தியாசம் இல்லை. மதுரைக்குப் பாண்டியன், தஞ்சைக்கு உழவன் என்று இரண்டுக்கும் இரவு ரயில் உண்டு. ஸ்லீப்பரில் சில நூறு ரூபாய்தான். ராத்திரி ரயிலிலேயே கழிவதால் ரூம் வாடகையும் ஒரு நாளுக்கு மட்டும் போதும். முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும், ஞாயிறு இரவு திரும்புகிற டிக்கெட்டை முதலில் போட்டுவிடுங்கள். பஸ் என்றால் கிளாம்பாக்கம் வரை போயாக வேண்டும். மதுரையில் இறங்கும் இடமும் மாட்டுத்தாவணி, அங்கிருந்து கோயிலுக்கு இன்னொரு டவுன் பஸ். ரயிலில் போனால் ஸ்டேஷனிலிருந்து டவுன் ஹால் ரோடு வழியாக நடந்தே கோயிலுக்குப் போகலாம். லாட்ஜுகளும் அந்தப் பக்கம், மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் வரிசையாக இருக்கின்றன.

உண்மையான வித்தியாசம் பார்க்கிற விதத்தில் இருக்கிறது. மீனாட்சி அம்மன் கோயிலில் சனி, ஞாயிறு என்றால் கூட்டம் அதிகம். தரிசன வரிசை அரைநாளை விழுங்கிவிடும். செல்போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். மதியம் நடை சாத்திவிட்டால் சாயங்காலம்தான் திறப்பார்கள். பக்தியோடு போகிறவர்களுக்கு இதெல்லாம் ஒரு குறையே இல்லை. சிற்பத்தையும் வரலாற்றையும் பார்க்கப் போகிறவர்களுக்கு நேரம் கைநழுவும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அனுமதிக் கட்டணம் கிடையாது. பிராகாரம் அகலமானது, கூட்டம் இருந்தாலும் ஒதுங்கி நின்று பார்க்க இடம் கிடைக்கும். ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்தான், விமானம் ஏறத்தாழ 216 அடி என்பதெல்லாம் பள்ளியிலேயே படித்ததுதான். அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல் சுவர்களில் இருக்கும் கல்வெட்டுகளுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், யார் எந்தத் தெருவில் எந்தச் சிறகில் (வீட்டு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதும் வெட்டி வைத்திருக்கிறார்கள். மன்னன் பெயர் நிலைப்பது சகஜம். கோயிலில் ஆடிய பெண்ணின் பெயரும் வீடும் ஆயிரம் வருடம் நிலைத்திருப்பது எனக்கு விமானத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: வெயில் ஏறினால் தரைக்கல்லில் கால் வைக்க முடியாது. காலை ஏழு மணிக்கே உள்ளே இருங்கள்.

உச்சி வெயிலுக்கு அரண்மனை இருக்கிறது. அங்கே கலைக்கூடத்தில் திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரைத் தேடிப் பாருங்கள். காளையின் மேல் கையை ஊன்றி நிற்கிற சிவன். காளை இப்போது இல்லை, கை மட்டும் வெறும் காற்றில் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் உடம்பின் வளைவு அந்தக் காளையை அங்கே நிறுத்திவிடுகிறது. தலையில் சுற்றிய முடிக்குள் பாம்பு நெளிவதைப் பக்கவாட்டில் போய்ப் பார்க்க வேண்டும். சோழர் செப்புத் திருமேனிகள் பார்த்திருக்கிறேன், இதன் முன்னால்தான் கால் நகர மறுக்கிறது.

இரண்டாம் நாள் கும்பகோணம் பஸ்ஸில் ஏறித் தாராசுரத்தில் இறங்கினால் ஐராவதேசுவரர் கோயில். இங்கேயும் கட்டணம் இல்லை. யானையும் காளையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பத்தைக் குழந்தைகளே கண்டுபிடித்துக் கத்துவார்கள். அப்புறம் கும்பகோணத்தில் ஒரு டிகிரி காபி. இரவு அங்கிருந்தே ரயில் பிடிக்கலாம், தஞ்சைக்குத் திரும்பத் தேவையில்லை.

மதுரை ஜெயிக்கிற இடம் சாப்பாடு. கறி தோசை, பருத்திப்பால், ஜிகர்தண்டா, நள்ளிரவிலும் சூடாகக் கிடைக்கும் பரோட்டா. தஞ்சாவூர் இதில் பக்கத்திலேயே வர முடியாது. நடை சாத்தும் நேரத்தில் 1636-ல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் இருக்கிறது. காந்தி அருங்காட்சியகம் இலவசம். சுடப்பட்டபோது அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. 1921-ல் அவர் அரையாடைக்கு மாறியது இதே ஊரில், மேலமாசி வீதி வீட்டில்தான். அந்த வீட்டையும் பார்த்துவிட்டு அருங்காட்சியகம் போனால் மனசு கனத்துவிடும். 2023-ல் திறந்த கீழடி அருங்காட்சியகமும் அரைநாளில் போய்வரும் தூரம்தான்.

என் முடிவு தஞ்சாவூர். வயதான அப்பா அம்மாவோடு போகிறீர்கள், அம்மனைப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை என்றால் யோசிக்கவே வேண்டாம், மதுரை. முடிந்தால் வார நாளில் லீவு போட்டுப் போங்கள், வரிசை குறையும். நண்பர்களோடு சாப்பிட்டு ஊர் சுற்றவும் மதுரைதான். கண்ணால் நின்று பார்க்க வேண்டும், செலவும் குறைய வேண்டும் என்றால் தஞ்சை. மூன்றாவது நாள் ஒன்று கிடைத்தால் சண்டையே இல்லை: தஞ்சையிலிருந்து புதுக்கோட்டை வழியாக மதுரைக்குப் பஸ் இருக்கிறது, திரும்பும் டிக்கெட்டை மட்டும் மதுரையிலிருந்து போட்டுக்கொள்ளுங்கள்.