உதட்டோரக் கோடுகள்: மூடுவதா, வேலி போடுவதா?

அக்கா மகள் கல்யாண வீடியோவில்தான் முதலில் கவனித்தேன். காலையில் அழகாகப் போட்ட மெரூன் லிப்ஸ்டிக், முகூர்த்தம் முடிவதற்குள் என் மேலுதட்டிலிருந்து வேர்விட்ட மாதிரி மேலே ஏறியிருந்தது. கோடுகள் அதற்கு முன்பும் இருந்தன, யார் கண்ணிலும் படவில்லை. சாயம் ஏறிய பிறகுதான் பளிச்சென்று தெரிந்தன.

வாயைச் சுற்றி வட்டமாக ஒரு தசை ஓடுகிறது. உதட்டைக் குவிக்கும்போதெல்லாம் அதன் மேலுள்ள தோல், சுருக்குப்பையின் வாய் போல மடியும். இளவயதில் மடிப்பு தானாக விரிந்துவிடும். வயது, வெயில், மாதவிடாய் நிற்பது எல்லாம் சேர்ந்து, தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைந்ததும் மடிப்பு அப்படியே தங்கிவிடுகிறது. சிகரெட் இதை வேகப்படுத்தும். ஆனால் புகையே பிடிக்காத பெண்களுக்கும் வரும் என்பதால் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம்!

மறைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கை வைப்பது ஃபவுண்டேஷனிலும் காம்பேக்டிலும். நானும் அதைத்தான் செய்தேன். இருப்பதிலேயே மோசமான வழி இதுதான். பேசிச் சிரித்த கொஞ்ச நேரத்தில் பவுடர் கோட்டுக்குள் போய் உட்கார்ந்து, மெல்லிய கோட்டை வெள்ளைக் கோடாக்கிவிடும். மினுமினுப்பு உள்ள பவுடர் என்றால் கேட்கவே வேண்டாம்.

மூடித்தான் ஆக வேண்டும் என்றால், மேக்கப்புக்கு முன் அடிப்பூச்சாகப் போடும் சிலிகான் பிரைமர் பரவாயில்லை. அதிலுள்ள டைமெத்திகோன் போன்ற பொருள்கள் பள்ளத்தை லேசாக நிரப்பி, வெளிச்சம் ஒரே சீராகச் சிதற வைக்கும். பச்சைப்பயறு அளவு போதும். தேய்க்காமல் விரலால் ஒற்றி, இரண்டு நிமிடம் விட்டுவிட வேண்டும். அவசரப்பட்டு மேலே வேறு க்ரீம் பூசினால் அழுக்குத் திரட்டுவது போல உருண்டு உருண்டு வந்துவிடும். ஆழமான கோட்டுக்கு இது பெரிதாக உதவாது.

எனக்கு வேலை செய்தது மூடுவதல்ல, வேலி. லிப்ஸ்டிக் என்பது எண்ணெயும் மெழுகும் சாயமும் கலந்த பண்டம். நம் ஊர்ச் சூட்டில் எண்ணெய் இளகி, கோடுகளையே வாய்க்காலாக்கிக்கொண்டு நகர்கிறது. உதட்டின் கரையை வரையும் பென்சிலான லிப் லைனரில் மெழுகு அதிகம், அதனால் கரையில் நின்று தடுக்கிறது. நிறமுள்ளது, நிறமற்றது என்று இரண்டு உண்டு. நிறமுள்ளதை உதட்டின் கரைமேலேயே போட வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். நிறமற்றதைக் கரைக்கு ஒரு நூல் வெளியே சுற்றி வரைந்தால் போதும். கோணினாலும் யாருக்கும் தெரியாது, எந்த லிப்ஸ்டிக்குக்கும் பொருந்தும். கண்ணாடி இல்லாமல் எழுத்து மங்கலாகத் தெரிகிற வயதில் இது பெரிய நிம்மதி. தினசரிக்கு நான் இதையே வைத்திருக்கிறேன். விசேஷம் என்றால் நிறமுள்ள லைனரால் உதடு முழுவதையும் நிரப்பி, அதன் மேல் லிப்ஸ்டிக்.

சரி, எந்த லிப்ஸ்டிக்? பளபளப்பில்லாமல் காய்ந்து நிற்கும் திரவ லிப்ஸ்டிக்கான லிக்விட் மேட் நகரவே நகராது, உண்மை. அதிலுள்ள ஆவியாகும் திரவம் பறந்துபோய், சாயம் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்கிறது. ஆனால் உதட்டின் மேலேயே வெடிப்பும் வரியும் இருந்தால் அவற்றை அப்படியே எடுத்துக் காட்டும். தாம்பூலம் கொடுத்து அனுப்புகிற வரை நிற்கும் என்று நம்பியும் இருக்க முடியாது, நெய்யும் அப்பளமும் பட்டால் அதுவும் உரியும். பளபளக்கும் லிப் கிளாஸ் நேர் எதிர். உதடு நிறைந்து தெரியும், ஆனால் வேலியைத் தாண்டி வழியும். இரண்டுக்கும் நடுவே இருக்கும் சாட்டின் வகைக் குச்சி லிப்ஸ்டிக்கைத்தான் நான் சொல்வேன். ஒரு முறை பூசி, டிஷ்யூவால் ஒற்றி, மறுபடி மெல்லிசாக ஒரு பூச்சு. அடர் மெரூனை விட ரோஜாப் பழுப்பு மாதிரி தோலுக்கு நெருங்கிய நிறமென்றால் கசிந்தாலும் அவ்வளவாகத் தெரியாது.

சாப்பாட்டுக்குப் பிறகு திருத்தும்போது தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைக்கிற பழக்கம் பலருக்கும் உண்டு. துடைத்தபின் ஈரத்துணியால் இன்னொரு முறை ஒற்றி எடுங்கள். பிசுக்கு மிச்சமிருந்தால் எந்த லைனரும் பிடிக்காது.